பேப்பர் உள்ள இருக்கிற வரைக்கும்

பேப்பர் மேல துணி தைக்கிற வேலையை நான் முதல்ல பார்த்தது போன்லதான். எந்த நாட்டுக்காரியோ, அவ பேசுன இங்கிலீஷ்ல எனக்கு ஒரு எழவும் புரியல. கை புரிஞ்சுது. காகிதத்துல ஸ்கேல் வெச்சுக் கோடு போடுறா. காகிதத்துக்கு அடியில துண்டுத்துணியை வெச்சு, கோட்டு மேலேயே மிஷினை ஓட்டுறா. அந்தத் துண்டை மடக்கி விட்டு, அடுத்த துண்டு, அடுத்த கோடு. காகிதம் பூராவும் துணி ரொம்புனதும் திருப்பிப் போட்டு, இவ்வளவு நேரம் தைச்ச காகிதத்தைச் சர்ருன்னு கிழிச்சு எறிஞ்சுட்டா. எனக்குப் பகீர்னு ஆயிட்டு. கிழிக்கிறதுக்கா இந்தப் பாடு? ஆனா கிழிச்ச பெறகு அந்தத் துணியைப் பார்க்கணுமே! ஒவ்வொரு துண்டும் கோடு பெசகாம நிக்குது. அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்ததுல அன்னைக்கு அடுப்புல சோறு குழைஞ்சு போச்சு.

எனக்கு இதுல ஏன் இவ்வளவு ஆசைன்னு சொல்லணும். என் தம்பி இங்க தாராவியில ஒரு சட்டைக் கார்கானாவுல கட்டிங் மாஸ்டர். சட்டை வெட்டுன பெறகு மிஞ்சுற துணுக்கை சிந்தின்னு சொல்லுவாங்க. காலருக்கும் கைக்கும் நடுவுல விழுந்த கோணல்மாணல் துண்டுங்க. மூட்டை மூட்டையா விழும். அதுல நல்லதாப் பொறுக்கி எனக்குக் கொண்டாருவான். நான் வீட்ல மிஷின் போட்டிருக்கேன், பிளவுஸ், சேலைக்கு ஃபால்னு பொழப்பு ஓடுது. இந்தச் சிந்தியை ஒட்டுப்போட்டு ஒரு கோதடி தைக்கணும்னு எத்தனையோ தடவை பார்த்துட்டேன். மராட்டிக்காரங்க பழைய சேலையை அடுக்கித் தைச்சுப் போத்திக்குவாங்களே, அந்தக் கோதடி. என் கையில வந்தா அது அலை அலையா நெளியும். மூலைக்குறுக்கா வெட்டுப்பட்ட துணி இழுத்த பக்கம் போவும், தைக்கத் தைக்க நீளும். புள்ளையார் புடிக்கப் போயி குரங்கான கதைதான். காகிதம் நெளியாது, நீளாது. தைச்சு முடிக்கிற வரைக்கும் துணியை ஆடாமப் புடிச்சு வெச்சுக்கிடும். அந்தப் பொம்பளை சூட்சுமம் அவ்வளவுதான்.

காகிதத்துக்கு எங்க வீட்ல பஞ்சமா? எங்க வீட்டுக்காரர் வெச்சிருக்கிறதே ரத்திக் குடோன். மாட்டுங்கா, செம்பூர் பக்கத்து வீடுகள்லேர்ந்து வர்ற பழைய பேப்பரைத் தரம் பிரிச்சு மில்லுக்கு ஏத்துற தொழில். எங்க வீட்ல சோறில்லாம ஒரு நாள் இருந்திருக்கோம், பேப்பர் இல்லாம ஒரு நாளும் இருந்ததில்ல.

"மச்சான், மெல்லிசா, இழுத்தா நேராக் கிழியுற பேப்பரா கொண்டாங்க"ன்னேன்.

"கிழியாத பேப்பர் கேட்டு வந்தவங்களைப் பார்த்திருக்கேன். கிழியுற பேப்பர் கேட்டவ ஊர்லேயே நீ ஒருத்திதான்"னார். நாய்க்கு வேலையும் இல்ல, நிக்க நேரமும் இல்லன்னு என் காதுல விழுற மாதிரி முணுமுணுத்தார். ஆனா கொண்டாந்தார்.

முதல்ல நியூஸ்பேப்பர். அச்சு மை வெள்ளைத் துணியில ஏறி சாம்பல் பூசுன மாதிரி ஆயிட்டு. அதுபோக, தைக்கும்போதே பொத்துக்கிட்டுப் போவுது. பெறகு வாரப்பத்திரிகை. மாட்டுங்காவுல பெரியவங்க ஆசையாச் சேர்த்து வெச்ச தமிழ்ப் பத்திரிகையெல்லாம், அவங்களுக்குப் பெறகு படிக்க ஆளில்லாம ரத்திக்கு வந்துரும். வழுவழுத் தாள். மிஷின் பல்லுல நிக்காம வழுக்கிட்டு ஓடுது. கிழிச்சாலும் பாதிதான் வருது, மீதி தையலைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டு வரமாட்டேங்குது. பெறகு காலேஜ் பரீட்சைப் பேப்பர். கோடு போட்டே வருதே, வேலை மிச்சம்னு குதிச்சேன். தைச்சு இஸ்திரி போட்டதும் எவனோ எழுதுன நீல மை துணிக்கு எறங்கிட்டு. பையன் ஏதோ கெமிஸ்ட்ரி எழுதியிருக்கான், அது கண்ணாடியில பார்க்கிற மாதிரி இடவலம் மாறி என் துணியில நிக்குது. அவன் பாஸானானோ இல்லியோ, நான் பெயில்.

கடைசியா கடையில பில் போடுற ரோல். மெல்லிசு, வெள்ளை, அளவான அகலம். இது சரிப்படும்னு ஒரு முழுப் பட்டை தைச்சுட்டு, மடிப்புப் படியட்டும்னு இஸ்திரிப் பெட்டியை வெச்சேன் பாருங்க, கன்னங்கரேல்னு ஆயிட்டு. தீப்புடிச்சுட்டுன்னு நினைச்சு ஒரு சொம்புத் தண்ணியை எடுத்து அப்படியே ஊத்திட்டேன். மிஷின், துணி, நான், எல்லாம் நனைஞ்சோம். சூடு பட்டா அந்தப் பேப்பர் கறுத்துரும்னு வீட்டுக்காரருக்கு நல்லாத் தெரியுமாம். "நீ கேக்கலியே"ன்னார். அன்னைக்கு அவருக்கு மீன் கொழம்பு கெடையாது, வெறும் மோருதான்.

இந்த ஆராய்ச்சிக்கெல்லாம் எனக்கு ஒரு கூட்டாளி உண்டு, என் தம்பி பொஞ்சாதி. அவங்க ரெண்டு பேரும் செம்பூர்ல குடியிருந்தாங்க. ஞாயித்துக்கிழமையானா அவ பஸ் புடிச்சு என்கிட்ட வந்துருவா. நான் தைப்பேன், அவ கிழிப்பா. கிழிக்கிறதுல அவளுக்கு அப்படி ஒரு ஆனந்தம். கண்ணை மூடிக்கிட்டு, காதுகிட்ட வெச்சுக் கிழிப்பா. "மதினி, நியூஸ்பேப்பர் தும்முது. பரீட்சைப் பேப்பர் திட்டுது, கேளுங்களேன்"ம்பா.

"ஏளா, நீ பேப்பரைக் கிழிக்கிறியா, அதுகிட்ட குறி கேக்குறியா?"ன்னு நான் ஏசுவேன். அவ சிரிப்பா.

அவ சிரிச்சு நான் பார்த்து அப்போ ரொம்ப நாளாயிருந்துச்சு. கல்யாணமாகி வந்ததுலேர்ந்து ரெண்டு புள்ள அவளுக்குத் தங்கல. முதல்து அஞ்சாம் மாசத்துல போச்சு. ரெண்டாவதுக்கு எட்டாம் மாசம் ஆஸ்பத்திரிக்குப் போயி, வெறுங்கையோட திரும்புனா. அதைப் பத்தி எங்க வீட்ல யாரும் வாயைத் திறக்கிறதில்ல. பேசாம இருந்தா அவ மறந்துருவான்னு எங்க நினைப்பு. அறிவு கெட்ட நினைப்பு.

நல்ல பேப்பர் கடைசியில கிங்ஸ் சர்க்கிள் பக்கத்துலேர்ந்து வந்துச்சு. ஒரு பழைய வீட்டைக் காலி பண்ணுனப்போ தலகாணி தண்டிக்கு டெலிபோன் டைரக்டரி நாலஞ்சு விழுந்துச்சு. தாள் மெல்லிசு, ஆனா சும்மா பொத்துக்காது. மை எப்பவோ காஞ்சு போனது, துணியில ஏறல. மிஷின்ல தையலைப் பொடிசா வெச்சு, மொத்த ஊசியா மாத்தி ஓட்டுனா, ஸ்டாம்பு ஓரம் மாதிரி வரிசையா ஓட்டை விழுது. இந்தப் பொடித்தையல் சங்கதி தெரியாமத்தான் அதுவரைக்கும் கிழிக்கும்போது தையலும் சேர்ந்து பிரிஞ்சுக்கிட்டு இருந்துருக்கு. அதைக் கண்டுபுடிச்ச அன்னைக்கு எனக்கு ஏதோ காரு வாங்குன மாதிரி சந்தோஷம்.

தம்பி பொஞ்சாதி அதை வாங்கிக் காதுகிட்ட வெச்சா. சர்ர்ருன்னு ஒரே இழுப்பு, நூல் புடிச்ச மாதிரி வந்துச்சு. "மதினி, இதுதான்"னா.

அந்தத் தாளைப் பார்த்துக்கிட்டே இருக்கலாம். பம்பாய் பூராவும் அதுல வரிசையா நிக்குது. சேட்டு, டாக்டர், வக்கீல், எங்க ஊர்க்காரங்க பேரு மாதிரி கூட ரெண்டு மூணு. எல்லாம் சின்னச் சின்ன எழுத்துல, பக்கத்துல நம்பர். இப்போ எந்த நம்பருக்கு அடிச்சாலும் யாரும் எடுக்கப் போறதில்ல. ஒரு நம்பரைப் போட்டுப் பார்ப்போமான்னு எனக்குக் கை அரிச்சுது. தம்பி பொஞ்சாதிதான் போனைப் புடுங்கி வெச்சா.

அதுக்குக் கொஞ்ச நாள் கழிச்சு அவளுக்கு மறுபடியும் தங்குச்சு. மாசம் ஏற ஏற, புள்ளைப்பேத்துக்குத் தாய் வீட்டுக்குப் போவணும். அவ தாய் வீடு திருநெல்வேலிப் பக்கம், டாக்டரம்மா ரயிலேறவே கூடாதுன்னுட்டா. அதனால செம்பூர்லேர்ந்து எங்க உம்மா வீட்டுக்கே கூட்டியாந்தாச்சு. என் வீட்லேர்ந்து ரெண்டு சந்து தள்ளி.

நான் யாருக்கும் சொல்லாம ஒரு சின்னக் கோதடிக்கு மேல்பக்கம் தைக்க ஆரம்பிச்சேன். சொல்லாததுக்குக் காரணம் இருக்கு. எங்க ஆளுங்க வழக்கம், புள்ள பொறக்கிறதுக்கு முன்னாடி அதுக்குன்னு ஒரு துணி வாங்கக்கூடாது, தைக்கக்கூடாது, தொட்டிலைத் தொடைச்சுக்கூட வைக்கக்கூடாது. பொறந்த பெறகு பழைய வேட்டியைக் கிழிச்சு அதுலதான் முதல்ல சுத்தணும். முதல் தடவை என் தம்பி ஆசைப்பட்டு ஒரு சின்னக் கவுன் வாங்கிட்டு வந்துட்டான். புள்ள போனதும் பழி அந்தக் கவுன் மேல விழுந்துச்சு. ரெண்டாவது தடவை ஒரு நூல்கண்டுகூட வாங்கல. அதுவும் போச்சு. அப்போ பழியை எங்க கொண்டு வைக்கிறதுன்னு உம்மாவுக்கே தெரியல.

ஒரு நாள் உம்மா பிளவுஸுக்குக் கொக்கி வைக்கணும்னு வந்தா. நான் தைச்சுக்கிட்டிருந்ததை மறைக்கிறதுக்குள்ள பார்த்துட்டா.

"இது யாருக்கு?"

"ஆர்டரும்மா. செம்பூர்ல ஒரு அம்மா கேட்டாங்க."

"அந்த அம்மா உசரம் ஒண்ணரை முழமா?"

என் கோவம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேக்குறவங்க எங்க உம்மாவை ஒரு தடவை பார்த்தாப் போதும். "நெஞ்சுல ஈரமிருக்காளா உனக்கு? அவ வயித்துல வெச்சுக்கிட்டு உசுரைக் கையில புடிச்சுக்கிட்டு இருக்கா, நீ புதுத்துணி தைக்கிறியா?"ன்னு அவ போட்ட சத்தத்துல எதிர்வீட்டு மிஷின் நின்னு போச்சு.

"இது துணியே இல்லம்மா, பேப்பர்!" பயத்துல வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். சொன்ன பெறகு அதையே புடிச்சுக்கிட்டேன். "தூக்கிப் பாரு. உள்ள பேப்பரை வெச்சுக்கிட்டு எவளாவது இதைப் போர்வைன்னு சொல்லுவாளா? கிழிச்சு எடுத்தாத்தான் போர்வை. அதுவரைக்கும் இது வெறும் ரத்தி."

உம்மா அதை வாங்கி உலுக்கிப் பார்த்தா. சலசலன்னு அப்பளக் கட்டு மாதிரி சத்தம். திருப்பிப் போட்டு, பேப்பர்ல இருக்கிற எழுத்தைத் தடவிப் பார்த்தா.

"அப்போ பேப்பர் உள்ள இருக்கிற வரைக்கும் இது சேர்த்தி இல்லங்கிற?"

"சத்தியமா இல்ல."

"சரி. புள்ள பொறந்து, அழுவுற சத்தம் இந்தக் காதுல விழுந்த பெறகு கிழி. அதுக்கு முன்னாடி ஒரு நுனி கிழிஞ்சாலும் கையை ஒடிச்சுருவேன்." வாசல் வரைக்கும் போனவ திரும்பி நின்னு, "அந்த மூலையில பச்சை நல்லால்ல, மஞ்சளை வை"ன்னுட்டுப் போனா.

மஞ்சளையே வெச்சேன். எல்லாக் கட்டத்தையும் பேப்பரோடயே சேர்த்துத் தைச்சு, ஒரு பிளாஸ்டிக் பையில போட்டு மிஷினுக்கு மேல பரண்ல ஏத்திட்டேன். நான் மிஷினை மிதிக்கிறப்பல்லாம் மேலேர்ந்து அதுவும் லேசாச் சலசலக்கும். தம்பி பொஞ்சாதிக்கு யாரும் சொல்லல, ஆனா தெரியும். வந்து உக்காந்தா ஒரு தடவை நிமிர்ந்து பரணைப் பார்ப்பா. கேக்கமாட்டா.

ஒன்பதாம் மாசம் ஒரு காலைப்பொழுது. உம்மா மார்க்கெட்டுக்குப் போயிருந்தா. தம்பி பொஞ்சாதி தனியா நடந்து என் வாசல்ல வந்து நின்னா. மூஞ்சியில ரத்தமே இல்ல.

"மதினி, எந்திரிச்சதுலேர்ந்து அசையவே இல்ல."

பயத்தை வெளியில காட்டிக்காம, சீனி கரைச்ச தண்ணியைக் குடுத்து ஒருக்களிச்சுப் படுக்க வெச்சேன். அப்பவும் அசைவு இல்ல. வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். எங்க சந்துக்குள்ள கைவண்டியே சாஞ்சுதான் வரும், டாக்ஸிக்கு மெயின் ரோட்டுக்குத்தான் ஓடணும். "டாக்ஸி கெடைச்சதும் போன் அடிக்கிறேன். அதுவரைக்கும் அவளை வெயில்ல நிறுத்தாத"ன்னார். தம்பிக்கும் சொன்னேன், நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துரு, உம்மாவையும் கூட்டிக்கோன்னு. பெறகு காத்துக்கிட்டு இருக்கிறதைத் தவிர வேலை இல்ல. பயந்தா என் வாய் மூடாது. ஒண்ணுமில்லளா, தூங்கும், புள்ளைங்க தூங்கும்ன்னு நான் உளறிக்கிட்டே இருந்தேன்.

அவ நிமிர்ந்து பரணைப் பார்த்தா. "அதை எறக்குங்க மதினி."

"எதை?" தெரிஞ்சுக்கிட்டேதான் கேட்டேன். "கிறுக்கா புடிச்சிருக்கு உனக்கு? உம்மா என்னைக் கொன்னே போட்டுருவா. பேசாம உக்காரு, டாக்ஸி வந்துரும்."

அந்த வயித்தோட அவ எழுந்து ஸ்டூல்ல கால் வெச்சா. சண்டாளி! நானே ஏறி எடுத்துக் குடுத்தேன். மடியில விரிச்சு வெச்சுக்கிட்டா.

"போன தடவை என் புள்ளைக்குத் துணி கேட்டு யாரும் வெளிய வரல"ன்னா. அழல. கணீர்னு சொன்னா. "பக்கத்துப் பொம்பளைங்களுக்கெல்லாம் நர்ஸ் கதவைத் திறந்து, துணி கொண்டா, துணி கொண்டான்னு கேட்டா. எனக்கு யாரும் கேக்கல. என் புள்ளையை ஆஸ்பத்திரித் துணியிலதான் சுத்துனாங்க. இது இருந்தாலும் சரி, போனாலும் சரி மதினி, இதுக்குன்னு ஒண்ணு இருக்கட்டும்."

எனக்கு இருந்த கோவமெல்லாம் எங்க போச்சுன்னு தெரியல. அவ காலடியில உக்காந்து ஓன்னு அழுதுட்டேன். அவ கோதடியைத் திருப்பி, மூலையில நகத்தை விட்டு, இழுத்தா. சர்ர்ருன்னு முதல் தாள் வந்துச்சு. ரெண்டாவதை இழுத்தா. கை அப்படியே நின்னு போச்சு.

"மதினி."

"என்னளா? என்ன?"

"இன்னொண்ணு கிழிங்க. இங்க, வயித்துகிட்ட வெச்சுக் கிழிங்க."

கிழிச்சேன். அவ என் கையைப் புடிச்சு வயித்து மேல அமுக்குனா. உள்ளேர்ந்து ஒரு தட்டு. சின்னதுதான், ஆனா என் உள்ளங்கையில நல்லாப் பட்டுச்சு. யா அல்லா! தாய்க்குத் தப்பாத காது. நான் கிழிக்கிறேன், அது ஒதைக்குது. கிழிக்கிறேன், ஒதைக்குது. ரெண்டு பேரும் அழுதுக்கிட்டே சிரிக்கிறோம். அப்போ பார்த்துப் போன் அடிச்சுது.

அசைஞ்சுட்டுன்னு விட்டுர முடியுமா? போனோம். டாக்ஸியிலயும் அவ விடல, ஒவ்வொரு தாளாக் கிழிச்சுக் கிழிச்சுக் கேட்டுக்கிட்டே வந்தா. டிரைவர் திரும்பித் திரும்பிப் பார்த்தான். "தும் ராஸ்தா தேக்கோ பாய்", நீ ரோட்டைப் பாருய்யான்னு அதட்டி வெச்சேன். ஆஸ்பத்திரியில மெஷினை வெச்சுப் பார்த்தாங்க. நெஞ்சு அடிக்குது, ஆனா விட்டு விட்டுத் தளர்ந்து போவுது, இனி காத்திருக்க முடியாது, உடனே ஆபரேஷன்னு டாக்டரம்மா சொன்னா. அவளை உள்ள தள்ளிட்டுப் போயிட்டாங்க. கோதடி என் கையில நின்னுச்சு, பாதி துணி, பாதி பேப்பர்.

உம்மாவும் தம்பியும் ஓடி வந்தாங்க. விஷயத்தைச் சொன்னேன். உம்மா கண்ணு என் மடிக்கு வந்துச்சு. அதுலேர்ந்து கோதடியிலேர்ந்து உதிர்ந்து தரையில கெடந்த கிழிசல் பேப்பருக்குப் போச்சு.

"யாரு கிழிச்சா?"

"அவதான்"ன்னேன். இப்போ என்னை அறைஞ்சாலும் வாங்கிக்கிடுவோம்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்.

உம்மா பெஞ்சுல பக்கத்துல உக்காந்தா. கோதடியை இழுத்துத் தன் மடியில போட்டா. நகத்தால ஓரத்தைத் தேடி, ஒரு தாளைப் புடிச்சுக் கிழிச்சா. அவளுக்குப் பழக்கமில்ல, நூலோட சேர்த்துப் பிச்சு இழுத்தா.

"உம்மா, மெதுவா, தையல் போயிரும்."

"போனா பெறகு தைச்சுக்கோ. பார்த்துக்கிட்டு இருக்கியே, நீயும் கிழிளா. உள்ளேர்ந்து துணி கேப்பாங்கல்ல?"

மூணு பேரும் கிழிச்சோம். சட்டை வெட்டுற என் தம்பி, கத்திரி இல்லாம ஒரு நூலைத் தொடாதவன், பல்லால கடிச்சு இழுத்தான். ஊர்க்காரங்க பேரும் நம்பரும் எங்க காலைச் சுத்திக் கெடந்துச்சு. யாரும் யார் மூஞ்சியையும் பார்க்கல.

கதவு திறந்துச்சு. உள்ளேர்ந்து ஒரு புள்ள அழுவுற சத்தம். நர்ஸ் தலையை நீட்டி, "பச்சே கா கப்டா கிதர் ஹை?"ன்னா. புள்ளைக்குத் துணி எங்கேன்னு.

உம்மா, வர்ற வழியில வீட்லேர்ந்து எடுத்துப் பையில போட்டிருந்த எங்க வாப்பாவோட பழைய வேட்டியை எடுத்து ஒரு துண்டு கிழிச்சா. அதுக்கு மேல கோதடியை வெச்சு, ரெண்டையும் சேர்த்து நர்ஸ் கையில குடுத்தா. மஞ்சள் மூலையில ஒரு தாள் இன்னும் ஒட்டிக்கிட்டுத்தான் இருந்துச்சு. நர்ஸ் அதோடயே வாங்கிட்டு உள்ள போனா.